உடல் என்னும் உரைகல்

இவ்வாண்டுப் பொங்கல் விழாவன்று நமது சங்கக் கூடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். பட்டிமன்றம் தொடங்கச் சற்று நேரம் இருந்தது. மின்சாரம் நின்று போனதால் ஒலிபெருக்கியும் விசிறிகளும் ஓய்ந்து, கூடம் அமைதியாக இருந்தது. எங்கள் தங்கையின் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாருடைய கடிகாரம் அம்மா, இவ்வளவு உரக்க ஓடுகிறது?" என்று கேட்டார். தங்கை புன்னகையோடு, "கடிகாரம் இல்லை, தாத்தா. என் நெஞ்சுக்குள் இருக்கும் வால்வின் ஓசை அது" என்றாள்.

பெரியவர் திகைத்துப் போனார். பந்தியில் எங்கள் பக்கத்திலேயே வந்து அமர்ந்தவர், இலையில் பரிமாறியதைக்கூடக் கவனியாமல் கேட்டார்: "காலில் ஒரு முள் தைத்தாலே உடம்பு சீழ் வைத்து வெளியே தள்ளுகிறது. இந்தப் பெண்ணின் இதயத்துக்குள் ஓர் உலோகத்தை வைத்திருக்கிறார்களே, அது ஒத்துப்போகும் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?"

அந்தக் கேள்விக்குப் பந்தியில் விடை கூற முடியவில்லை. ஏனெனில் இரண்டாண்டுகளுக்கு முன்பு அதே கேள்விதான் எங்கள் வீட்டில் பல இரவுகளின் உறக்கத்தைப் பறித்தது. அதற்கு நாங்கள் தேடிக் கண்ட விடையைப் பெரியவருக்கும், அவரைப் போல் எண்ணும் மற்ற அன்பர்களுக்கும் இங்கே எழுதுகிறோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பட்டறை அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவர்கள் நாங்கள், மருத்துவம் கற்றவர்களல்லோம். ஆயினும் வீட்டில் ஒருவர் உயிர் ஊசலாடும்போது குமாஸ்தாவும் மாணவனாகி விடுகிறான்.

தந்தையார் தஞ்சைப் பக்கத்திலிருந்து கரக்பூருக்கு வேலைக்கு வந்தவர். அவர் காலமான பின் தாயாரும் தங்கையும் எங்கள் பொறுப்பில் இருந்தார்கள். தங்கைக்கு 9 வயதாக இருந்தபோது, 2006-ஆம் ஆண்டில், தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. இரண்டு வாரம் கழித்து முழங்கால் வீங்கிற்று. அது தணிந்ததும் கணுக்கால் வீங்கிற்று. வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்று எண்ணி, நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினோம். வீக்கம் வடிந்துவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். அது வாதக் காய்ச்சல் என்பதும், அது மூட்டைவிட்டு நீங்கினாலும் இதயத்தின் வால்வுகளை விட்டுவைப்பதில்லை என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. குற்றம் எங்களுடையதே.

2022-இல் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஏறும்போது தங்கைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பாதிப் படிகளில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்ப்பவள் போல் பாவனை செய்வாள். பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை உயர்த்தி உட்கார்ந்தே உறங்கலானாள். பரிசோதனையில், இதயத்தின் இடப்புறத்து ஈரிதழ் வால்வு சுருங்கித் தடித்துப் போனதோடு கசியவும் செய்கிறது என்று கண்டார்கள். அதைச் செப்பனிட இயலாது. எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும் என்றார்கள். அப்போது அவளுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்தோம். செய்தியை மறைக்காமல் சொன்னோம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரம் கழித்து, "ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இனி முடிவு எங்களுடையது. மருத்துவர் இரண்டு வழிகளைக் கூறினார். ஒன்று, விலங்கின் திசுவைப் பதப்படுத்திச் செய்த வால்வு. அதற்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் இளம் வயதினரின் உடலில் அது விரைவில் தேயும், ஆகவே மீண்டும் ஒருமுறை நெஞ்சைத் திறக்க நேரும். மற்றொன்று, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன இயந்திர வால்வு. அது நீண்ட காலம் உழைக்கும். ஆனால் நாள் தவறாமல் இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை உட்கொள்ள வேண்டும். கருவுற்றால் அம்மருந்து குழந்தைக்கு ஊறு செய்யக்கூடும். மருந்தை மாற்றி மிகுந்த மேற்பார்வையில் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. எனினும் தாய்க்கும் சேய்க்கும் இடர் இல்லை என்று எவரும் உறுதி சொல்வதற்கில்லை. 26 வயதுப் பெண்ணின் முன்னால் இவை இரண்டையும் வைத்து, தேர்ந்துகொள் என்றால் அவள் என் செய்வாள்?

தாயார், "இரும்பை வைத்துத் தைப்பதா? உடம்பு அதை ஏற்குமா, தம்பி?" என்று கேட்டுக் கலங்கினார். மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, உங்கள் கண்ணில் என்ன வைத்திருக்கிறது?" என்றார். 2019-இல் தாயாருக்குக் கண்புரை நீக்கி வில்லை பொருத்தியிருந்தோம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் அயல்பொருள் குடியேறி, ஊசியில் நூல் கோக்கவும் உதவிக்கொண்டிருந்ததை நாங்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை.

அந்த வில்லையின் கதை வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கில விமானிகள் சிலரின் கண்ணுக்குள், விமானத்தின் முகப்பு மூடி உடைந்து அதன் சில்லுகள் புகுந்தன. அம்மூடி அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், அச்சில்லுகள் கண்ணுக்குள் தங்கியும் கண் சிவந்து அழலவில்லை என்பதைக் கவனித்தார். அப்பொருளின் தூய வகையால் வில்லை செய்து, 1949 நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். போரின் விபத்தே அங்கே சோதனைக்கூடமாயிற்று. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இத்தகைய விபத்து வாய்க்காது. வாய்க்க வேண்டுமென்று விரும்பவும் கூடாது. ஆகவேதான் பொருளை மனித உடலில் வைக்குமுன் முறையாகச் சோதிக்கும் கலை வளர்ந்தது.

மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். நாங்கள் செலவைப் பற்றிக் கேட்க எண்ணியிருந்தோம். தங்கை குறுக்கிட்டு, "இந்த வால்வு எங்கே தோற்றது என்று சொல்வீர்களா, ஐயா?" என்று கேட்டாள்.

மருத்துவர் சிறிது நேரம் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் அன்று கூறியதையும், பிறகு நூலகத்தில் நாங்கள் படித்ததையும், பக்கத்துக் குடியிருப்பு வேதியியல் ஆசிரியர் பொறுமையாக விளக்கியதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இதய அறுவை மருத்துவரான டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில், இந்நாட்டிலேயே இதய வால்வு ஒன்றைச் செய்ய அங்கே முயன்றார்கள். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஏழைகள் இங்கே மிகுதி. வெளிநாட்டு வால்வின் விலையோ அவர்களுக்கு எட்டாதது. பூஜப்புரையிலுள்ள பழைய அரண்மனை ஒன்றில் பொறியாளரும் வேதியியலாரும் மருத்துவரும் கூடி உழைத்தார்கள். உலோக வளையத்துக்குள் ஒரு தட்டு சாய்ந்து திறந்து, மீண்டும் மூடுவதே அவ்வால்வின் அமைப்பு.

முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. ஒரு கட்டத்தில் தட்டை நீலக்கல் படிகத்தால் செய்தார்கள். தேய்மானத்துக்கு அஞ்சாத கல். வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உடையது. அந்தத் தட்டு உடைந்தது. நான்காம் மாதிரியில் கல்லை விடுத்து, மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைத் தட்டாக்கினார்கள். செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கும் அதுவே பயன்படுகிறது. வளையத்துக்குக் கோபால்ட், குரோமியம் முதலியன கலந்த உலோகம். இதயத்தோடு வைத்துத் தைக்க பாலியெஸ்டர் துணி. கடினமான கல் தோற்று, மெத்தென்ற பிளாஸ்டிக் வென்றது! வன்மை வேறு, தாங்கும் தன்மை வேறு என்பதை அன்று அறிந்தோம்.

இனி, உடலோடு ஒத்துப்போவதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்வோம். முதற்படியை நம் வீட்டுக் கஷாயத்தோடு ஒப்பிடலாம். சோதிக்க வேண்டிய பொருளை உப்புநீர் போன்ற திரவத்தில் இட்டு, உடலின் வெப்பத்தில் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஊற வைக்கிறார்கள். பொருளிலிருந்து கசியக்கூடியது எதுவோ அது அந்த நீரில் இறங்கும். அவ்வூறல் நீரைக் கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களின் மேல் ஊற்றுகிறார்கள். அணுக்கள் செழிக்கின்றனவா, சுருண்டு மடிகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இதில் எங்களை மிகவும் கவர்ந்த நுட்பம் ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும், தீங்கற்றது என நன்கறிந்த ஒரு பொருளையும், நஞ்சென நன்கறிந்த ஒரு பொருளையும் கூடவே சோதிக்கிறார்கள். நஞ்சு பட்ட அணுக்கள் மடியாவிட்டால், அன்றைய சோதனையே செல்லாது. ஏனெனில் தீமையைக் காணத் தெரியாத கண், நன்மைக்குச் சான்று கூற முடியாது. எங்கள் பட்டறையிலும் இதே வழக்கம் உண்டு. சக்கரத்தின் இருசுக்குள் விரிசல் இருக்கிறதா என்று மீயொலிக் கருவியால் பார்க்குமுன், வேண்டுமென்றே குறை செய்து வைத்த ஓர் இரும்புத் துண்டைக் கருவிக்குக் காட்டுவார்கள். அந்தக் குறையைக் கருவி கண்டுகொண்டால்தான் அதை இருசின் மேல் வைப்பார்கள். நாள்தோறும் அதன் கணக்கைப் பேரேட்டில் ஏற்றியும், அதன் பொருளை நாங்கள் தங்கைக்கு நோய் வந்த பிறகே உணர்ந்தோம்.

அடுத்து இரத்தம். வால்வு இரத்தத்திலேயே வாழ வேண்டிய பொருள் அல்லவா? பொருளைத் தொட்ட சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று பார்க்கிறார்கள். பயன்படும் அளவுகோல்களில் ஒன்றின்படி, 2 விழுக்காட்டுக்குக் கீழ் உடைந்தால் குறையில்லை. 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது இரத்தத்தைச் சிதைக்கும் பொருள் என்று கொள்வர். தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டிக் கட்டியாகின்றனவா என்பதையும் பார்க்கிறார்கள். அத்தகைய கட்டி ஒன்று வால்விலிருந்து பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

அதன்பின் உயிருள்ள உடல். கினிப்பன்றியின் தோலில் ஒவ்வாமை உண்டாகிறதா, முயலின் தோல் தடிக்கிறதா, தசைக்குள் பல வாரம் வைத்த துண்டைச் சுற்றி உடல் என்ன செய்திருக்கிறது என்று ஆராய்கிறார்கள். இவற்றுள் சிலவற்றுக்கு இக்காலத்தில் ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோலையே பயன்படுத்தி, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். விலங்கைத் துன்புறுத்தாமைக்கான 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்நாட்டில் இதற்குக் கட்டுப்பாடும் மேற்பார்வையும் உண்டு. இறுதியாக, வால்வைச் செம்மறியாட்டின் இதயத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். அதன் இதயத்தின் அளவு மனித இதயத்தை ஏறக்குறைய ஒத்திருப்பதே காரணம்.

இதை நாங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்று நிகழ்ந்தது. தங்கை பிழைத்தெழுந்தால் ஊர் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாகத் தாயார் வேண்டிக்கொண்டிருந்தார். தங்கை மெல்ல, "அம்மா, எனக்காக முன்னமே ஆடுகள் உயிர் கொடுத்துவிட்டன. இன்னும் ஒன்று வேண்டுமா?" என்றாள். தாயார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, "முனியாண்டிக்குப் பொங்கல் வைத்தால் போதும். அவருக்கும் தெரியும்" என்று கூறிவிட்டார்.

உடல் ஏற்பது ஒரு பாதி; உழைப்பது மறுபாதி. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் நாளொன்றுக்கு 1,03,680 முறை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம். அத்தனை முறையும் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். உலகத் தர விதிப்படி இயந்திர வால்வை 40 கோடி முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அது பத்தாண்டுத் துடிப்புக்குச் சற்று மேல். இதயத்தின் வேகத்திலேயே பார்த்தால் பத்தாண்டு ஆகும் என்பதால் விரைந்தோடும் பொறியில் பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு 1,000 முறை என்று வைத்துக்கொண்டாலும், இரவு பகல் ஓயாமல் ஏறக்குறைய 278 நாள் ஓட வேண்டும். இந்தக் கணக்கைச் சம்பளப் பட்டியலின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கு மலைப்பாக இருந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு அது போதாது. ஒரு சோதனையில் தேறியது மற்றொன்றில் தோற்கும். ஏன், ஓரிடத்தில் நல்லதாய் இருப்பதே மற்றோரிடத்தில் தீயதாகும். வால்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றித் தைத்திருக்கும் துணிக்குள் உடலின் திசு வளர்ந்து புக வேண்டும். அப்போதுதான் வால்வு இதயத்தோடு ஒன்றாய் நிலைக்கும். ஆனால் நடுவிலுள்ள தட்டின் மேல் ஒன்றும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது சிக்கி நின்றுவிடும். ஒரே வால்வில், விரல் அகல இடைவெளிக்குள், ஓரிடத்தில் உடலை வரவேற்க வேண்டும். மற்றோரிடத்தில் தள்ளி நிறுத்த வேண்டும். ஆகவே, 'இந்தப் பொருள் நல்லதா?' என்பது அரைக் கேள்விதான். எந்த இடத்தில், எவ்வளவு காலத்துக்கு, என்ன வேலைக்கு என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும். சோதனை விதிகளும் ஒரு நாள் மட்டும் உடலைத் தொடுவது, முப்பது நாள் வரை தொடுவது, அதற்கும் மேல் தங்குவது என்று பொருள்களைப் பிரித்தே வகுக்கப்பட்டுள்ளன.

இதை மறந்தால் என்னவாகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில், வால்வைச் சுற்றியுள்ள துணிக்கு வெள்ளிப் பூச்சு இட்டு, சில்சோன் என்ற பெயரில் மேலைநாடுகளில் பயன்படுத்தினார்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும். ஆகவே வால்வில் கிருமி தொற்றாது என்பது எண்ணம். நல்ல எண்ணமே. வெள்ளிக் கிண்ணத்தில் பால் புகட்டும் நம் தாய்மாரும் அதை ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆனால் அப்பூச்சு, துணிக்குள் வளர வேண்டிய திசுவையும் தடை செய்தது என்று கருதப்படுகிறது. சிலருக்கு வால்வின் ஓரத்தில் இரத்தம் கசியலாயிற்று. பூச்சுள்ள வால்வையும் பூச்சில்லாத வால்வையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு அப்போது நடந்து கொண்டிருந்தது. அதில் இக்குறை வெளிப்படவே, 2000 ஜனவரியில் ஆய்வும் நின்றது. அவ்வகை வால்வும் திரும்பப் பெறப்பட்டது.

இந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்களுக்குத் தைரியம் போய்விட்டது. தங்கைக்கோ தைரியம் வந்தது. "அண்ணா, உடம்புக்குள் வைத்த பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பார்த்ததால்தானே கண்டுபிடித்தார்கள்? தோற்றதை ஒளிக்காதவர்களை நம்பலாம்" என்றாள். பேரேடு எழுதும் எங்களுக்கு அது விளங்கியது. கழித்துப் போட்ட இருசுகளின் கணக்கு ஒழுங்காய் எழுதப்பட்டிருந்தால்தான், கழிக்காத இருசின் மேல் ஓடும் வண்டியில் துணிந்து ஏறலாம். கழித்ததே இல்லை என்று கூறும் பட்டறையின் வண்டியில் ஏற அஞ்ச வேண்டும்.

திருவனந்தபுரத்து வால்வை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது 1990 டிசம்பரில். உடனே எல்லோருக்கும் வைத்துவிடவில்லை. ஆறு மருத்துவமனைகளில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு வைத்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதன்பின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நெஞ்சில் அவ்வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த முதல் முந்நூறு பேரும் எங்களைப் போன்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த உறுதி அவர்களுக்குக் கிடைத்திராது. அவர்களை நாங்கள் அறியோம்; ஆனால் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

தங்கை இயந்திர வால்வையே தேர்ந்தாள். "இரண்டாம் முறை நெஞ்சைத் திறக்கும் பயத்தோடு ஒவ்வோர் ஆண்டையும் எண்ண முடியாது. மாத்திரை விழுங்குவது என் கையில் இருக்கிறது" என்றாள். குழந்தையைப் பற்றித் தாயார் கேட்டபோது நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "முதலில் நான் படியேற வேண்டும், அம்மா" என்றாள். அந்தச் சொல்லுக்கு மறுமொழி எங்களிடம் இல்லை. மற்றொருத்தி மற்ற வால்வைத் தேர்ந்திருக்கலாம், அதுவும் பிழையன்று. அவரவர் வயதையும் விருப்பத்தையும் நோயையும் பொறுத்தது அது.

2023 பிப்ரவரியில் அறுவை நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் இரவு, அமைதியில் அந்த ஓசை கேட்டுத் தாயார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விடியும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதோ அது கேட்காவிட்டால்தான் அவருக்கு உறக்கம் வருவதில்லை.

எல்லாம் சுகமாய் முடிந்தது என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். இரத்தம் எவ்வளவு மெதுவாய் உறைகிறது என்பதை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். மருந்து உண்ணாதவருக்கு அது ஏறக்குறைய 1. எங்கள் தங்கைக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும். மிகுந்தால் எங்கேனும் பெருக்கெடுக்கும். முதலாண்டில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். கீரை மருந்தைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தாயார் கீரையையே நிறுத்திவிட்டார். பிறகு ஊரிலிருந்து உறவினர் வந்த வாரத்தில் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் நாள்தோறும் சமைத்தார். அம்மாதம் எண் 1.7-க்கு இறங்கிவிட்டது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, "கீரையை விடவும் வேண்டாம், அள்ளி உண்ணவும் வேண்டாம். வாரந்தோறும் ஒரே அளவாக இருக்கட்டும், மருந்தை அதற்கேற்ப வைப்போம்" என்றார். அன்றுமுதல் தாயார் கீரைக்கென்று ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்.

தங்கை தனக்கென்று ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதுகிறாள். 1.7-ஐச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள், அடித்துவிடவில்லை. டாக்டர் வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார் என்ற செய்தி வந்த நாளில், அந்த ஏட்டின் ஓரத்தில் அதையும் குறித்துவைத்தாள். அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு விளக்கை அதிகமாக ஏற்றினோம்.

பெரியவரே, "யார் பார்த்துச் சொன்னார்கள்?" என்று கேட்டீர்கள். எவரோ ஒருவர் அல்லர். கண்ணாடித் தட்டிலிருந்த அணுக்கள் சொல்லின. முயலும் செம்மறியும் சொல்லின. ஓயாமல் ஓடிய பொறி சொல்லிற்று. உடைந்த நீலக்கல் சொல்லிற்று. முதலில் நெஞ்சைக் கொடுத்த முந்நூறு பேர் சொன்னார்கள். பொன்னை உரைகல்லில் ஒருமுறை தேய்த்தால் போதும். இதுவோ அப்படியன்று. இன்றும் மாதந்தோறும் எங்கள் தங்கையின் உடல் அதை உரைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

முடிப்பதற்குமுன் நம் சங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, சில வாரங்களில் மூட்டுக்கு மூட்டு மாறி வீங்கினால், எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வாதக் காய்ச்சல் என்று அறிந்தால், அது மீண்டும் வராமலிருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல்லாண்டு போட வேண்டியிருக்கும், இடையில் நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் செய்யாமல் விட்டதை உங்கள் வீட்டில் செய்யுங்கள்.

சித்திரைத் திருநாள் கூட்டத்துக்கு அந்தப் பெரியவர் மீண்டும் வந்திருந்தார். இடம் பல காலியாக இருந்தும், தேடி வந்து தங்கையின் பக்கத்திலேயே அமர்ந்தார். விசிறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் ஓசை கேட்கவில்லை போலும். சற்றுப் பொறுத்து, "சரியாக ஓடுகிறதா, அம்மா?" என்று கேட்டார்.

"ஓடுகிறது, தாத்தா. இந்த மாதம் 2.8" என்றாள் தங்கை.